எட்டுப் பேர், பத்துப் பங்கு: ஒரு பறைக் குழுவைப் பதிவு செய்த சனி, ஞாயிறு



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவுக்கு எங்களை அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. வழக்கமாக இந்த மேடையில் ஒரு எழுத்தாளரோ ஆய்வாளரோ நின்று பேசுவார். இந்த ஆண்டு ஒலிப்பதிவு செய்கிற ஒரு சிறு குழுவை அழைத்திருக்கிறீர்கள். ஆகவே இந்த உரையை நாங்கள் சேர்ந்தே எழுதினோம். வாசிப்பது மட்டும்தான் ஒருவர். எழுத்தில் இடம் கிடைக்காத மக்களின் பெயர்களை எழுத்துக்குள் கொண்டுவர வாழ்நாளெல்லாம் உழைத்தவர் தோழர். அதே வேலையை ஒலியில் செய்யப் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்த உறவின் பேரில்தான் இங்கே நிற்கிறோம்.

ஒரு மார்கழியில், எட்டுப் பேர் கொண்ட பறைக் குழு ஒன்றை அவர்கள் ஊரிலிருந்து வெளியே அழைத்து வந்து, ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்களுடைய அடிகளைப் பதிவு செய்தோம். ஆறு பறை, ஒரு தவில், ஒரு சட்டி. அந்த இரண்டு நாட்களில் எழுந்த கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். குழுவின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. அவை இசைத்தொகுப்பின் உறையில் இருக்கின்றன, அவர்கள் சொன்ன வரிசையிலேயே. இந்த உரையில் ஊர்த் தகராறு ஒன்றும் வருகிறது. நாளைக்கும் அவர்கள் அந்த ஊரில்தான் வாழ வேண்டும்.

ஏன் ஊரைவிட்டு வெளியே?

மாணவர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: அவர்கள் வாழும் தெருவிலேயே போய்ப் பதிவு செய்வதுதானே நேர்மை, எதற்காக வெளியே அழைத்து வருகிறீர்கள்? நியாயமான கேள்வி. குழுவிடமே கேட்டோம். அவர்கள் சொன்ன முதல் காரணம் இது: "சும்மா ஒரு நாள் எடுத்து அடிச்சா ஊர் பூரா 'யாரு செத்தது'ன்னு கேப்பாங்க." திருவிழா இல்லை, சாவு இல்லை, தேர்தல் பிரச்சாரம் இல்லை என்றால் அந்தத் தெருவில் பறை ஒலிக்கக் கூடாது. ஒரு வீணைக்காரர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சாதகம் செய்யலாம். அடுத்த வீட்டுக்காரர் அதைக் கொடுத்துவைத்த தெரு என்பார். பறைக்காரருக்குத் தன் தெருவில் சாதகம் செய்யும் உரிமைகூட இல்லை. அவர் அடிப்பது அடுத்தவருடைய தேவைக்கு மட்டுமே என்று ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது.

இரண்டாவது காரணம் அழைப்பு. ஊரில் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடுவார்கள். பாதி அடியில் எழுந்து போக வேண்டிவரும்.

மார்கழியைத் தேர்ந்தெடுத்ததும் கணக்குப் பார்த்துத்தான். பறைக் குழுக்களுக்குச் சனி, ஞாயிறு ஓய்வு நாள் அல்ல. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எல்லாம் அந்த இரண்டு நாட்களில்தான் வரும். வாரநாட்களில் கட்டட வேலை, வண்டி ஓட்டுவது, கல்லூரி என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் சனி, ஞாயிறும் ஓரளவு காலியாக இருக்கும். சென்னையின் சபாக்களுக்கு அதுதான் இசை விழாக் காலம். பறைக்காரர்களுக்கோ அது வருமானமில்லாத மாதம். 2020இல் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்று விழா தொடங்கியபோது அந்தப் பெயரே ஏன் ஒரு வாதமாக இருந்தது என்பது இந்தக் கணக்கைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

காலியான நாள் என்பதற்காகக் கூலியைக் குறைக்கவில்லை. வெளியூர் நிகழ்ச்சிக்கு ஒரு நாளைக்கு அவர்கள் கேட்கும் தொகையையே இரண்டு நாளுக்கும் முன்பணமாகக் கொடுத்தோம். 'உங்கள் கலையை ஆவணப்படுத்துகிறோம்' என்று சொல்லிக்கொண்டு சாப்பாடும் பேருந்துக் கட்டணமும் மட்டும் கொடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. ஆவணம் என்ற சொல் கூலியைக் குறைக்கும் சொல்லாக ஆகிவிடக் கூடாது.

இடம் கிடைப்பது எளிதாக இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் 'மேளம் பதிவு' என்றதும் சரி என்றார்கள். என்ன மேளம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "நல்லது நடக்கிற எடம்ங்க, வேண்டாம்" என்றார்கள். ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் வேறு மாதிரிச் சொன்னார்கள்: "பறை சவுண்டு கீபோர்டிலேயே இருக்கு. எதுக்கு எட்டு ஆளைக் கூட்டிட்டு வர்றீங்க?" யோசித்துப் பாருங்கள். கீபோர்டில் இருக்கும் அந்தச் சத்தமும் யாரோ ஒருவர் கையால் அடித்ததுதான். அவர் யார், எந்த ஊர், எவ்வளவு கொடுத்தார்கள்? அந்தக் கருவியின் எந்தப் பக்கத்திலும் அந்தப் பெயர் இல்லை. மண்டபம் ஆளை வெளியே நிறுத்தியது. கீபோர்டு சத்தத்தை உள்ளே எடுத்துக்கொண்டு ஆளை வெளியே விட்டது. இரண்டும் ஒரே கதவுதான்.

கடைசியில் நகரத்துக்கு வெளியே, ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்த பழைய ஓட்டுக் கட்டடம் வாடகைக்குக் கிடைத்தது. முன்பு நெல் அடுக்கி வைத்த இடம். உயரமான கூரை, முன்னால் திறந்த களம்.

தீயும் மைக்கும்

பறையைப் பதிவு செய்ய அந்தக் களம் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். பறையின் சட்டம் மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்து வளைத்தது. அதன்மேல் புளியங்கொட்டைப் பசை தடவி மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். தவிலைப்போல வாரை இழுத்துச் சுருதியைக் கூட்ட வழியில்லை. தீயில் காட்டித்தான் தோலை இறுக்க வேண்டும். வைக்கோலைக் கொளுத்தி, பறையை அதன்மேல் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, அந்தக் கணீர் சத்தம் வந்ததும் எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் அதிகமானால் தோல் வெடித்துவிடும். எடுத்த நிமிடத்திலிருந்து தோல் ஆறத் தொடங்கும், ஒலி இறங்கத் தொடங்கும். மார்கழிப் பனியில் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

ஒலிப்பதிவுக்கூடங்கள் குளிரூட்டப்பட்டவை. அங்கே தீ மூட்ட முடியாது. குளிரில் தோல் தொய்ந்து சத்தம் மந்தமாகிவிடும். 'இந்த வாத்தியம் ரெக்கார்டிங்குக்கு ஒத்துவராது' என்று சொல்லிவிட்டு பிளாஸ்டிக் தோல் போட்டதைக் கொண்டுவரச் சொல்வார்கள். குறை வாத்தியத்தில் இல்லை. அந்த அறையைக் கட்டியபோது மனதில் வைத்திருந்த வாத்தியங்களின் பட்டியலில் பறை இல்லை, அவ்வளவுதான். களத்தில் தீ, பத்தடி தள்ளி மைக் என்று வைத்துக்கொண்டோம். காய்ச்சி எடுத்த கையோடு அடி. ஒரு அடி முடிந்ததும் மீண்டும் தீ. பதிவின் நேர அட்டவணையைத் தோல்தான் எழுதியது.

இன்னொரு செய்தி வேகம் பற்றியது. இன்றைய ஒலிப்பதிவில் ஒவ்வொருவர் காதிலும் ஒரு 'கிளிக்' ஓடும். வேகம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக அடிக்கவைத்துப் பிறகு சேர்ப்பார்கள். பறை அப்படி நடப்பதில்லை. முன்னால் நிற்பவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் காலை ஒருவர் பார்த்து அடவு மாறும். அடவு மாறும்போது வேகம் ஏறும். இடக்கையில் நீளமான சுண்டுக்குச்சி, வலக்கையில் கனமான அடிக்குச்சி, தோளில் பறை, கீழே கால் — இவை நான்கும் ஒரே வாத்தியம். ஒருவரைக் கண்ணாடி அறையில் தனியே நிறுத்தி அடிக்கச் சொன்னால் கிடைப்பது அதன் கால்பங்குதான். எனவே எட்டுப் பேரையும் அரைவட்டமாக ஆடவிட்டோம். எதிரே ஆளுயரத்துக்கு மேல் இரண்டு மைக், தவிலுக்கும் சட்டிக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று. பறையின் அடி திடீரென்று உச்சத்துக்குப் போய்விடும் என்பதால் உள்வாங்கும் அளவைத் தாழ்வாக வைத்தோம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நான்கு தடங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி. இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம், இது இன்று ஒரு கல்லூரி மாணவர் குழு கடன் வாங்கியாவது செய்துவிடக்கூடிய வேலை. பெரிய நிறுவனம் தேவையில்லை.

சனிக்கிழமை பகலில் சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, ஒத்தை அடி, வாழ்த்து அடி என்று வரிசையாக வந்தன. பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரே அடிக்கு மூத்தவர் ஒரு பெயரும் இளையவர் ஒரு பெயரும் சொன்னார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டோம்.

இரவு வந்த தொலைபேசி

இரவு எட்டு மணி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தபோது குழுத் தலைவருக்குப் போன் வந்தது. ஊரில் ஒரு பெரிய வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். "காலைல எடுக்கறோம். ஆறு பேரா வெள்ளனே வந்துருங்க." கேள்வியாக இல்லை, செய்தியாகத்தான் வந்தது.

தலைவர் சொன்னார்: "நாங்க வேலையா வெளியூர்ல இருக்கோம்ங்க."

"என்னடா வேலை?"

"அடிக்கிற வேலைதாங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு இவரே சொன்னார்: "வரணும்னா வண்டி அனுப்புங்க. ஆளுக்கு இன்ன தொகை." அன்று எங்களிடம் வாங்கிய அதே தொகையைச் சொன்னார். போன் துண்டிக்கப்பட்டது.

குழுவிலேயே இளையவர், கல்லூரி மாணவர், "நல்லாச் சொன்னீங்க மாமா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மூத்தவர் ஒருவர் மெதுவாகக் கணக்குப் போட்டார்: யார் வீட்டு ஆடு யார் காட்டில் மேய்கிறது, யார் யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள், தை அறுவடைக்கு யார் யாரைக் கூப்பிடுவார்கள். எங்களால் சொல்ல முடிந்தது இரண்டே விஷயம்: போவதென்றால் வண்டி தயார், போனாலும் இரண்டு நாள் கூலியில் குறையாது. முடிவு அவர்களுடையது. அந்தப் பேச்சில் நாங்கள் உட்காராமல் களத்துக்கு வந்துவிட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.

இதை வீரக்கதையாகச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. ஏனென்றால் விலை பின்னால் வந்தது. தை அறுவடைக்கு அந்தத் தெருவில் இரண்டு வீட்டுப் பெண்களைக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு வீட்டிலும் பறை அடிக்கிறவர் யாருமில்லை. வருடாவருடம் அந்தப் பெரிய வீட்டு வயலில் வேலைசெய்துவந்தவர்கள், அவ்வளவுதான். ஆண்கள் போனில் சொன்ன பதிலுக்குப் பெண்கள் கூலி இழந்தார்கள். இந்தச் செய்தி வந்தபோது குழு கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது: பதிவில் வரும் பணத்தை எட்டாகப் பிரிக்காமல் பத்தாகப் பிரிப்பது. எட்டுப் பேர், பத்துப் பங்கு. எங்கள் கணக்கேட்டில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

தலித் கலை வரலாற்றை எழுதும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேடையில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தவறிவிடும். மறுப்பின் விலையைத் தெருவே கொடுக்கிறது, அதிலும் பெண்கள் முதலில் கொடுக்கிறார்கள். பறையையே பெண்கள் கையில் எடுத்த வரலாறும் நம்மிடம் உண்டு. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையோடு மேடையேறியபோது, அவர்கள் வாத்தியத்தோடு இந்தக் கணக்கையும் சேர்த்தே கையில் எடுத்தார்கள் என்று நாங்கள் கருதுகிறோம்.

சாவு அடியை என்ன செய்வது?

ஞாயிறு காலை எதிர்பாராத ஒரு விவாதத்தோடு தொடங்கியது. மூத்தவர், "இன்னைக்குச் சாவு அடியைப் போட்டுரலாம்" என்றார். இளையவர்கள் இருவர் மறுத்தார்கள். "அதை விடத்தானே இத்தனையும்? அதையே தொகுப்பில் போட்டா, நம்ம வாத்தியமே சாவுக்குத்தான்னு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா?"

இந்த விவாதம் அந்தத் தோப்பில் பிறந்தது அல்ல என்பதை இந்த அவை அறியும். 1928இல் பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் வதன் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். துண்டு நிலத்துக்கும் கொஞ்சம் தானியத்துக்கும் ஈடாக ஊர் எந்த நேரம் கூப்பிட்டாலும் போய் நிற்க வேண்டும் என்ற அடிமை ஏற்பாட்டை எதிர்த்த முயற்சி அது. அந்த வழியில்தான் தமிழ்நாட்டுச் சேரிகள் பலவற்றில் 'இனி அடிக்க மாட்டோம்' என்று தீர்மானம் போட்டார்கள். பறையை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அதன் பிறகு வந்த தலைமுறை அதே பறையை விடுதலையின் இசை என்று சொல்லி மேடைக்குக் கொண்டுவந்தது. 'பரட்டை' என்று அறியப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு, மதுரையில் இறையியல் மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே, கிராமத்து மக்களின் இசையைத் தேவாலய வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 2005இல் மறையும் வரை அந்த வேலையை விடவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்குமான கருப்பொருள்களில் பறையையும் எண்ணுகிறது என்பதை எடுத்துக்காட்டி, இது எல்லா நிலத்தாருக்கும் உரியது என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கையும் தேவை. 'தமிழர் அனைவரின் ஆதி இசை' என்று பாராட்டுகிறவர்கள், மூவாயிரம் ஆண்டுப் பெருமையில் பங்கு கேட்கிறார்கள். முந்தாநாள் இரவு வந்த போனில் பங்கு கேட்பதில்லை.

கொளுத்தியவர்களும் மேடையேற்றியவர்களும் எதிரெதிராக நிற்கிறார்கள் என்று எழுதுவது ஆய்வாளர்களுக்கு வசதி. அந்த மூத்தவர் சொன்னதைக் கேட்டால் அப்படித் தோன்றாது. "சாவுக்கு அடிக்கிறது கேவலம் இல்லப்பா. கூலி பேசாம கூப்பிடுறதுதான் கேவலம். என் ஆத்தாவ நான் இந்த அடியிலதான் அனுப்பி வச்சேன். ஊர்க்காரனுக்கும் அடிச்சிட்டோம்கிறதுக்காக இது அவன் அடி ஆயிருமா?" எங்களுக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் இதைவிடத் தெளிவான பேச்சு இல்லை. அடிமைத்தனம் அழைப்பில் இருக்கிறது, அடியில் இல்லை. அதே சமயம் இளையவர்களின் பயமும் பொய்யல்ல. அடியை விற்பனைக்கு வைத்தால், எந்தச் சினிமாவில், எந்தக் காட்சிக்கு, எந்த வீட்டுப் பிணத்துக்கு அது ஒலிக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது.

பேசி முடித்து இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். முதலாவது, அடியைப் பதிவு செய்வது. அதை முழுமையாக அறிந்தவர்கள் அந்தக் குழுவில் இருவரே; இருவருக்கும் அறுபதுக்கு மேல். இரண்டாவது, வெளியிடுவதா என்று கைதூக்கி முடிவு செய்வது. வேண்டாம் என்று ஐந்து கை, வேண்டும் என்று மூன்று. அன்று பதிவான 14 நிமிடங்கள் ஒரு மெமரி கார்டில் அந்த மூத்தவரின் வீட்டில் இருக்கின்றன. எங்களிடம் பிரதி இல்லை. அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பதிவு செய்வது ஒரு முடிவு, வெளியிடுவது வேறு முடிவு. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிய நம் காலத்தில், வெளியிடாமல் வைத்திருப்பதும் ஓர் உரிமை என்பதை அந்த எட்டுப் பேர் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

பெயர்

ஒலிப்பதிவின் வரலாற்றில் பெயருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்து, ஒரு ஹோட்டலிலேயே கருவிகளை நிறுவிப் பதிவு செய்தார். அங்கே பாடியவர்களில் முதன்மையானவர் கௌஹர் ஜான். குடும்பப் பெண்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் ஒதுக்கிவைத்த தவாயிஃப் மரபிலிருந்து வந்தவர். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரை உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாயின. அங்கே இருக்கும் தொழிலாளி எந்தப் பாட்டு யாருடையது என்று அடையாளம் கண்டு காகிதம் ஒட்டுவதற்காக அந்த ஏற்பாடு. தொழில்நுட்பத் தேவைக்காக வந்த வழக்கம், சமூகம் அழிக்க நினைத்த ஒரு பெண்ணின் பெயரை நூறாண்டு தாண்டியும் ஒலிக்க வைத்திருக்கிறது. பெயர் தட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில் மட்டும் இருந்திருந்தால் கிழிந்திருக்கும். அது பாட்டோடு சேர்ந்து தட்டிலேயே பதிந்துவிட்டது.

இன்னொரு சனி, ஞாயிறையும் நினைத்துப் பாருங்கள். 1937 ஜூன் 19, 20. மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் ராபர்ட் ஜான்சன் டெக்சாசின் டல்லாஸ் நகரில் 13 பாடல்களைப் பதிவு செய்த நாட்கள் அவை. அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தபோது பெரும்புகழ் வரவில்லை. 1961இல் அந்தப் பதிவுகள் நெடுந்தட்டாக வந்த பிறகு உலகின் ராக் இசைக்காரர்கள் அவற்றிலிருந்து கற்றார்கள். ஊரைவிட்டு வெளியே வந்து இரண்டு நாளில் செய்த வேலை, செய்தவரைவிடப் பல மடங்கு நீண்ட ஆயுளோடு, பல மடங்கு பெரிய பணத்தோடு உலவும். அந்த இரண்டு நாளில் என்ன எழுதிக் கையெழுத்தாகிறது என்பது அதனால்தான் முக்கியம்.

நாங்கள் கௌஹர் ஜானின் வழியைப் பின்பற்றினோம். ஒவ்வொரு அடி முடிந்ததும் எட்டுப் பேரும் வரிசையாகத் தம் பெயரையும் ஊரையும் மைக்கில் சொன்னார்கள். முதல் இரண்டு முறை கூச்சம். ஒருவர் தன்னை ஊர் கூப்பிடும் அரைப்பெயரைச் சொன்னார். பக்கத்திலிருந்தவர், "முழுப் பேரச் சொல்லு மச்சான்" என்றார். மூன்றாவது முறையிலிருந்து அதுவும் அடியின் ஒரு பகுதியாகிவிட்டது. அதைத் தொகுப்பிலிருந்து வெட்டவில்லை.

சட்டம்

இனிச் செயல்பாட்டாளர்களுக்குத் தேவையான பகுதி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்ற சொல்லுக்கு விரிவான பொருள் தருகிறது. பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் தொடங்கி பாம்பாட்டி வரை அந்தப் பட்டியலில் உண்டு. நிகழ்த்துநரின் உரிமை 50 ஆண்டு. 2012இல் வந்த திருத்தம் அதை வலுப்படுத்தியது: நிகழ்ச்சியை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நிகழ்த்தியவருக்கு ராயல்டி உண்டு. தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமையும், தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் உண்டு.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் படத்தில் எங்கும் குறிப்பிடப்படாதது என்றால், சிதைவை எதிர்ப்பது தவிர வேறெதற்கும் அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். இதை நம் மொழியில் சொல்லிப் பார்ப்போம். திரைப்படப் பாட்டில் பறை அடிக்கிறவரின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. பெயர் போடும் வழக்கம் இல்லாததால் உரிமை குறைகிறது. ஊரின் வழக்கம் எப்படிச் சட்டத்தின் வாசல் வரை வந்து நிற்கிறது பாருங்கள். ஆகவே பெயர் என்பது மரியாதைக்கான அலங்காரம் அல்ல. அது கூலிக்கான ஆதாரம்.

இரண்டாவது சிக்கல்: ஒலிப்பதிவின் ஆசிரியர் என்று சட்டம் சொல்வது தயாரிப்பாளரை. முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொள்பவரே தயாரிப்பாளர். பதிவின் மீதான உரிமை வெளியான பிறகு 60 ஆண்டு அவருக்கு. மரபான அடிகளுக்கு ஆசிரியர் என்று யார் பெயரும் கிடையாது. ஆனால் அவற்றின் பதிவுக்கு உரிமையாளர் உண்டு. நூற்றாண்டுகளாகத் தெரு காத்துவந்ததை இரண்டு நாளில் ஒருவர் தன் உடைமையாக்கிக்கொள்ள முடிவது இந்த இடைவெளியில்தான். இதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. ஒப்பந்தத்தில் எட்டுப் பேரையும் கூட்டுத் தயாரிப்பாளர்களாக எழுதினோம். நாங்கள் அவர்கள் அமர்த்திய ஒலிப்பதிவாளர்கள் மட்டுமே.

ஒப்பந்தம் இரண்டு பக்கம், தமிழில். சனிக்கிழமை காலை, முதல் தீ மூட்டும் முன்பு, கல்லூரி மாணவர் அதை உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்கலாம் என்று சொன்னோம்; கேட்டார்கள். "சினிமாக்காரங்க கேட்டா யாரு சம்மதிக்கணும்?" என்ற கேள்விக்கு 'எட்டுப் பேரும்' என்று கையால் ஒரு வரி சேர்த்தோம். எழுத்தில் உரிமையைக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் கொள்ளும். இதைத் தெரிந்த நிறுவனங்கள் 'நிரந்தரமாக, உலகமெங்கும்' என்று மறக்காமல் எழுதிவிடும். உங்கள் ஊர்க் கலைஞர் ஒருவர் கையெழுத்துப் போடப் போகிறார் என்றால் முதலில் அந்த இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

மாணவர்களிடம்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. அந்தப் பெயரின் பின்னால் சாதிபேதமற்ற என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல் இருந்தது. அது மேடையை நமக்குத் திறந்தது. ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் மேடைக்கு வராத அடிகள் இருக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களைத் தேடிப் போக நகரத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். வருகிறவர்கள் பெரும்பாலும் சத்தத்தை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறார்கள்.

நீங்களே செய்யுங்கள். ஐந்து பேர் சேருங்கள். கருவியைக் கடன் வாங்குங்கள். குழு கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இல்லாவிட்டால் வசூல் செய்து சேர்ந்த பிறகு அழையுங்கள். தீ மூட்ட இடம் பாருங்கள். கிளிக்கைத் தூக்கிப் போடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, உரக்கப் படித்து, கேள்விகளுக்கு நேரம் கொடுங்கள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் பெயரையும் ஊரையும் அவர்கள் குரலிலேயே வாங்குங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள். வரும் பணத்தைப் பிரிக்கும்போது, அடித்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணாமல், அடித்ததற்கு விலை கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

தோழரின் நினைவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு இதே மேடையில், உங்களில் ஐந்து பேர் செய்த பதிவைக் கேட்க நாங்கள் கீழே உட்கார்ந்திருப்போம்.